பலகையைத் தொடாதவள்

திண்டுக்கல்,
12 ஜனவரி 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் ஷைனி எழுதுகிறேன். இங்கே உடம்பு நன்றாக இருக்கிறது, பசி அதைவிட நன்றாக இருக்கிறது. நீ, சாம்சன் மாமா, ஜோசப் மூவரும் சுகம்தானா? உன் இடுப்பு வலி எப்படி? போன கடிதத்தில் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இந்த முறை மறக்காமல் எழுது.

சிஸ்டராவதற்கு முந்தைய இந்த நவதுறவுப் பயிற்சி ஆண்டில் போன் கிடையாது என்று சேரும்போதே சொன்னார்கள். இருந்தாலும் என் கை இன்னும் பாவாடைப் பையைத் தடவிப் பார்க்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கு இரண்டு தாள். சாப்பாட்டு மேசையில் வரிசையாக உட்கார்ந்து பரீட்சை எழுதுவது போல எழுதுகிறோம். எங்கள் இல்லத் தலைவி மதர், பரீட்சைக் கண்காணிப்பாளர் மாதிரி நடுவில் நடக்கிறார்.

போன வாரம் மதர் ஒவ்வொருவரையும் தனக்குத் தெரிந்த ஒரு துணிச்சலான பெண்ணைப் பற்றிப் பேசச் சொன்னார். மற்றவர்கள் புனிதைகளின் கதையைச் சொன்னார்கள். நான் உன்னைச் சொன்னேன். அம்மா போனபோது நான் ஏழாவது படித்தேன். அடுத்த மாதமே நீ கும்மிடிப்பூண்டி கம்பெனியில் சேர்ந்தாய், என்னைப் படிக்க வைத்தாய் என்றெல்லாம் சொன்னேன். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தை உள்ளே விட்டார்களே, அன்று நீ வேலை செய்யும் இடத்தைப் பார்த்ததையும் சொன்னேன். மெஷின் எதுவும் ஓடாத அன்றைக்கே அந்தத் தகரக் கொட்டகையில் எனக்கு மூச்சு முட்டியது. "அங்கே என் அக்கா ஒரு ஷிப்ட் முழுவதும் நிற்பாள், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள்" என்றேன். நாகர்கோவில் பெண் வாயைப் பிளந்துவிட்டாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

தாள் முடிகிறது. மாமாவுக்கு வணக்கம் சொல். உன் பிள்ளை ஜோசப்பின் கன்னத்தைக் கிள்ளு, வலிக்கிற மாதிரி.

உன்
ஷைனி


கவரைப்பேட்டை,
26 ஜனவரி 2025

வருங்கால சிஸ்டரம்மாவுக்கு,

அக்கா ஏஞ்சலின் முன்கூட்டியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியம் எழுத்தின் பருமனிலேயே தெரிகிறது, நன்றாகச் சாப்பிடுகிறாய்.

புனிதைகள் வரிசையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாயே, எனக்கு அங்கே நிற்க இடம் போதாது. சொன்னதுதான் சொன்னாய், முழுசாகச் சொல்லியிருக்கலாம். நாங்கள் செய்வது மணல் அச்சு. இரும்பை உருக்கி ஊற்றும்போது உள்ளே ஓட்டை விழ வேண்டிய இடத்தில் இந்த அச்சை வைப்பார்கள். சுடச் சுட இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் மணலை விட்டால், பன் மாதிரி வெந்து வரும். ஒரு மெஷினுக்கு இரண்டு பெண்கள். ஒருத்தி நகர்ந்தால் மற்றவள் இரண்டு பேர் தட்டையும் தூக்க வேண்டும்.

பெண்கள் கழிப்பறை வாசல் கேட் பக்கம், லாரி எடைமேடைக்கு அந்தாண்டை. அங்கே போக ஆம்பளைகள் வேலை செய்யும் உலைக்கூடத்தைத் தாண்ட வேண்டும். போகிறவள் ஆணியில் தொங்கும் சிவப்புப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒருத்திதான் போகலாம் என்பதற்காக அந்தப் பலகை. அதைத் தூக்கினால் ஊருக்கே தெரியும். "இன்னாம்மா, ஊர்கோலமா?" என்று யாராவது கேட்பான். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, இவ்வளவுதான். ஆனால் இதுவே போதும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அதனால் எங்களுக்குள் ஒரு போட்டி. பலகையைத் தொடாதவள்தான் கெட்டிக்காரி. எங்கள் ஈஸ்வரி தீபாவளிக்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை. வாயில் ஒரு புளியங்கொட்டையைப் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பாள், நாக்கு காயாது. "தண்ணி குடிச்சாத்தான போவணும்? ஊட்டுக்குப் போயி குடத்தோட கவுத்துக்க" என்பாள். அவளைப் பார்த்தால் எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அடுத்த ரேங்க் உன் அக்காதான். பார்வையாளர்கள் வந்தால் சூப்பர்வைசர் வரதன் சார், "எங்க லேடீஸ் லைன் ஒரு நிமிஷம் நிக்காது சார்" என்று காட்டுவார். அப்போது இருக்கிற கர்வம் உனக்குச் சொன்னால் புரியாது.

வேறு என்ன? என் பழைய செருப்பு சின்னதாகிவிட்டது, புதுசு வாங்கினேன். சனிக்கிழமை மாமா பொன்னேரிக்குக் கூட்டிப் போனார். ஜோசப்புக்கு மீசை முளைக்கிறது, தினமும் கண்ணாடியில் விசாரிக்கிறான்.

மழை, குளிர் பார்த்து உடம்பைக் காத்துக்கொள்.

உன் அக்கா
ஏஞ்சலின்


திண்டுக்கல்,
9 பிப்ரவரி 2025

அக்கா,

நலம் விசாரித்தால் நலம் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை ஓரம் வரைக்கும் படித்தேன், இடுப்பு வலி எங்கும் இல்லை. வலி போய்விட்டதா, இல்லை வலியைப் பற்றி எழுத மனசில்லையா? எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை.

ஈஸ்வரி அக்கா இப்போது எங்கள் இல்லத்தில் பிரபலம். புளியங்கொட்டை கதையை எல்லோரும் இரண்டு தரம் கேட்டார்கள். தவக்காலம் வரப்போகிறதே, மதர் ஒறுத்தல் பற்றி வகுப்பு எடுக்கிறார். உடம்பு கேட்கிற எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் இருப்பது என்று அவர் விளக்கும்போது, இதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். உங்களுக்கெல்லாம் யார் வகுப்பு எடுத்தார்கள்? வெந்த மணலுக்கு முன்னால் நின்று நீங்களாகவே கற்றுக்கொண்டீர்கள். உன்னைப் போல என்னால் இருக்க முடியுமா என்று ராத்திரி செபத்தில் கேட்கிறேன்.

பொன்னேரிக்கு அப்படி என்ன வாங்கப் போகிறீர்கள்? கவரைப்பேட்டையில் கிடைக்காத சாமானா?

மாமாவையும் ஜோசப்பையும் கேட்டதாகச் சொல்.

உன்
ஷைனி


கவரைப்பேட்டை,
23 பிப்ரவரி 2025

ஷைனிக் குட்டிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

வலி தேவலை. பொன்னேரிக்குப் போனது மார்க்கெட்டுக்கு. அங்கே காய்கறி மலிவு. நார்த்தங்காய் ஊறுகாய் இந்த வருஷம் போடவில்லை, காய் சரியில்லை. வெயில் இப்போதே பல்லைக் காட்டுகிறது. கொட்டகையில் புதுசாக ஒரு ஃபேன் மாட்டினார்கள், அது சூட்டை எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கிறது.

என்னைப் போல எல்லாம் இருக்க வேண்டாம். உன்னைப் போல இரு.

இன்று ஞாயிறும் வேலை, வேன் வந்துவிட்டது, அதனால் சுருக்கமாக.

அக்கா


திண்டுக்கல்,
2 மார்ச் 2025

என் அருமை அக்காவுக்கு,

சேமம். அங்கேயும் அதுவே என்று நம்புகிறேன், உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தாலும்.

வரும் புதன் சாம்பல் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் உயிர்ப்புப் பெருவிழா வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை. எழுதவும் கூடாது, வருகிற கடிதமும் மதரின் அலமாரியில் பூட்டியிருக்கும். ஆகவே இதுதான் கடைசி.

எல்லோரும் ஆளுக்கொரு ஒறுத்தல் எடுத்துக்கொள்கிறோம். ஒருத்தி சர்க்கரையை விட்டாள், ஒருத்தி தலையணையை விட்டாள். நான் எடுத்ததை யாரிடமும் சொல்லவில்லை. மறைவில் செய்வதுதானே ஒறுத்தல். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதற்குக் குரு நீதான். காலைத் திருப்பலி முடிந்தால் மாலைச் செபம் வரை தண்ணீர் தொட மாட்டேன். தோட்ட வேலை எனக்குத்தான், வெயிலும் இங்கே குறைவில்லை. நீ நிற்கும் இடத்தில் நானும் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். கிணற்றடியில் புளியமரம் இருக்கிறது, கொட்டைக்கும் பஞ்சமில்லை.

தினமும் அந்த நேரத்தில் உன்னை நினைத்துக்கொள்வேன். எனக்காக வேண்டிக்கொள்.

உன் சிஷ்யை
ஷைனி


கவரைப்பேட்டை,
8 மார்ச் 2025

மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு,

ஷைனியின் அக்கா ஏஞ்சலின் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் மற்ற சிஸ்டர்களும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுகிறேன். தவக்காலத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். காலையில் உங்கள் இல்லத்துக்குப் போன் செய்தேன். எடுத்த சிஸ்டர் அன்பாகத்தான் என்ன விஷயம் என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை, வைத்துவிட்டேன். அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

ஷைனி பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. புதன்கிழமையிலிருந்து இப்படி. தயவுசெய்து உடனே அவளைக் குடிக்க வையுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே கூப்பிட்டுக் குடிக்க வைத்தாலும் நல்லது.

அவள் என்னைப் பார்த்து ஆரம்பித்தாள். என்னைப் பற்றி உங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நான் தண்ணீர் குடிக்காமல் நிற்பது நிஜம். ஆனால் பலகையைத் தூக்கிக்கொண்டு ஆம்பளைகள் முன்னால் நடக்க வெட்கப்பட்டுத்தான் நிற்கிறேன். அதை வீரம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

நவம்பரில் இடுப்பு வலி வந்தது. மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கித் தினமும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஜனவரியில் கால் வீங்கியது. பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "ரெண்டு கிட்னியும் சேர்ந்து பாதி வேலைதான் செய்யுதும்மா. வேர்த்துக் கொட்டுது, குடிக்கிறதில்ல, வர்றதையும் அடக்கிக்கினு நிக்கிற. அதுக்கு மேல வலி மாத்திர. எப்டிம்மா தாங்கும்? இன்னொரு கோடை இப்டியே போச்சுன்னா, அப்புறம் மெஷின்லதான் ரத்தத்தக் கழுவணும்."

இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். ஷைனிக்குத் தெரிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்ட வாழ்க்கை என்னால் நிற்கக் கூடாது. அதனால்தான் மறைத்தேன்.

இன்று மகளிர் தினமாம். கம்பெனியில் எங்களுக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூவும் ஒரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள்.

அவளுக்குத் தண்ணீர் கொடுங்கள் மதர். அவளுக்கு நான் அம்மா மாதிரி.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஏஞ்சலின் சாம்சன்


திண்டுக்கல்,
13 மார்ச் 2025

அன்புள்ள ஏஞ்சலின்,

ஆண்டவருடைய அமைதி உங்கள் வீட்டில் தங்குவதாக. உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அன்று மதிய உணவில் ஷைனியின் முன்னால் ஒரு செம்பு நிறைய தண்ணீர் வைத்து, அது காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றேன். மூஞ்சியை முழ நீளத்துக்கு நீட்டிக்கொண்டு குடித்தாள். கீழ்ப்படிதல் என்ற வார்த்தையை நான் பயன்படுத்த வேண்டியிருந்தது.

முந்தின நாள் தோட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. வெயில் என்று நினைத்துவிட்டேன். நான் கவனித்திருக்க வேண்டும், மன்னியுங்கள். எங்கள் சபை ஒழுங்கில் தண்ணீரை விடச் சொல்லி எங்கும் இல்லை. இனி யார் என்ன ஒறுத்தல் எடுத்தாலும் என் காதுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நர்ஸ் சிஸ்டர் அவளைப் பார்த்தார், பயப்பட ஒன்றும் இல்லை.

காரணத்தை நான் அவளிடம் சொல்லவில்லை. அது உங்கள் கையால் எழுதி வர வேண்டியது. இப்போது எழுதினால் உயிர்ப்புப் பெருவிழா அன்று அவளிடம் கொடுப்பேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்கையைக் குடிக்க வையுங்கள் என்று கடிதம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குடிக்கிறீர்களா என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை.

செபத்தில் உங்களை நினைக்கும்
மதர்


கவரைப்பேட்டை,
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

என் ஷைனிக் குட்டிக்கு,

இதை நீ பிரிக்கும்போது அல்லேலூயா பாடித் தொண்டை கட்டியிருக்கும். அதற்குச் சுடுதண்ணீர் குடி. இங்கே மாமாவும் ஜோசப்பும் சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

செருப்பு சின்னதாகவில்லை, கால் வீங்கியிருந்தது. பொன்னேரியில் மார்க்கெட் பக்கமே போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். நார்த்தங்காய் நன்றாகத்தான் இருந்தது, டாக்டரம்மா உப்பைக் குறைக்கச் சொன்னார். என் சிறுநீரகம் இரண்டும் பாதிதான் வேலை செய்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், நீயும் சோற்றைத் தின்றுவிட்டுப் பூசணிக்காய் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

நீ தண்ணீரை விட்டாய் என்று படித்த அன்று எனக்கு வந்த பயம், டாக்டரம்மா என்னிடம் சொன்னபோது வரவில்லை. என் உடம்பு கெட்டது எனக்குப் பெரிசாகப்படவில்லை. அதை நீ அழகு என்று நினைத்துப் பின்னால் வந்தாய் பார், அதுதான் என்னைக் கொன்றது. உடனே மதருக்கு எழுதினேன்.

மதர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார், நான் குடிக்கிறேனா என்று. இன்று வரை அவருக்குப் பதில் போடவில்லை. வீட்டில் டாக்டரம்மா சொன்ன அளவு குடிக்கிறேன். கம்பெனியில் இல்லை. மகளிர் தினத்துக்கு அவர்கள் கொடுத்த தண்ணீர் பாட்டில் மெஷின் பக்கத்தில் நிரம்பி நிற்கிறது. மூடியில் கை வைப்பேன், கண் பலகைக்குப் போகும், கையை எடுத்துவிடுவேன். மாமா "வேலைய உட்டுடு ஏஞ்சலு, கஞ்சி குடிச்சாலும் போதும்" என்கிறார். எனக்கு இந்த வேலை பிடிக்கும் ஷைனி. என் கைப்பட்ட அச்சில் பிறந்த இரும்பு எத்தனையோ வண்டிக்குள் ஓடுகிறது. ஒரு பலகைக்காக ஏன் விட வேண்டும்? ஆனால் அந்தப் பலகையைத் தூக்கவும் வரவில்லை. இப்படி நடுவில் நிற்கிறேன்.

பெட்டியைக் கட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
அக்கா


திண்டுக்கல்,
21 ஏப்ரல் 2025

அக்கா,

உயிர்ப்பு விழா வாழ்த்து மூவருக்கும். நான் சுகம். அது இன்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேற்று மதர் அலமாரியைத் திறந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். படித்துவிட்டு நேராகப் போய்ப் பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்தேன். உனக்கு என்னை நன்றாகவே தெரிந்திருக்கிறது. மதர் வாசலில் நின்று, "போவதானால் போ. முதலில் அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேள்" என்றார். அதனால் பெட்டி திறந்தபடி கிடக்கிறது, நான் எழுதுகிறேன்.

கோபமாக இருக்கிறது. உன் மேல் பாதி, என் மேல் பாதி. உன் காய்ந்த உதட்டை நான் மேடை போட்டுக் கொண்டாடியிருக்கிறேன். ஆயுத பூஜை அன்று வந்தபோது, இவர்கள் ஒதுங்க எங்கே போவார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பார். மதர் நிறுத்துவதற்குள் சில நாள்தான் நான் குடிக்காமல் இருந்தேன். அதற்குள் மண்டை பிளக்கிற வலி, சிறுநீர் டீ நிறத்தில் போனது, போகும்போது எரிச்சல். அது புண்ணியத்தின் அடையாளம் என்று நினைத்தேன். நீ அதோடு வருஷக்கணக்கில் நின்று, அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தாய். உன்னை மெச்சாமல் இருக்க எனக்கு இப்போதும் வரவில்லை. ஆனால் தாகத்தை மெச்ச மாட்டேன்.

வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றால், கம்பெனியிலும் குடிக்கிறேன் என்று எழுது. பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன். பொய் சொல்லும்போது நீ செருப்பு, நார்த்தங்காய் என்று சாமான் பட்டியல் போடுகிறாய்.

காத்திருக்கும்
ஷைனி


கவரைப்பேட்டை,
18 மே 2025

ஷைனிக் கண்ணுக்கு,

அக்கினி நட்சத்திரத்தில் வெந்துகொண்டு, ஆனால் நல்லபடியாக இருந்து எழுதுகிறேன். பதில் தாமதம் என்று திட்டியிருப்பாய். பொய் எழுதக் கூடாது என்றாய். உண்மை கைக்கு வரும்வரை பேனாவை எடுக்கவில்லை.

முதலில் ஈஸ்வரியிடம் என் ரிப்போர்ட்டைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "இன்னாடி பேஜாரு பண்ற. எங்கம்மா நாள் முச்சூடும் வெயில்ல நாத்து நட்டுது. அதுக்கு இன்னா ஆயிப்போச்சு?"

"உங்கம்மா வாய்க்கா தண்ணிய அள்ளி அள்ளிக் குடிச்சிது. வரப்பு ஓரமா ஒதுங்குச்சு. நம்ம ரெண்டும் செய்யலியே" என்றேன்.

அவள் வாயில் புளியங்கொட்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போனது.

இந்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை கொட்டகை கொதித்தது. டீ வந்த நேரத்தில் அந்த மகளிர் தின பாட்டிலைத் திறந்தேன். எல்லோரும் பார்க்க, மடக் மடக் என்று பாட்டில் காலியாகும்வரை குடித்தேன். எதிர்பார்த்தபடி கொஞ்ச நேரத்தில் வந்தது. என் மெஷினில் கூட நிற்கிற ஜோதிலட்சுமியைப் பார்த்தேன். "போக்கா, ரெண்டு தட்டையும் நான் பாத்துக்கிறேன்" என்றாள். பலகைப் பக்கம் போனேன். போனவளுக்கு அதை எடுக்க மனசு வரவில்லை. இவ்வளவு வயதுக்கு மேல் எதற்காக அதைத் தூக்க வேண்டும்? ஆணியிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

உலைக்கூடம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. கால் பின்னியது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். நடுவில் ஒருத்தன், "இன்னாம்மா, பலகைய உட்டுட்டுப் போற?" என்றான்.

"பலகைக்கு வரலப்பா, எனக்குத்தான் வருது" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்ததோ தெரியாது. சிரித்தார்கள். ஆனால் கேட்டவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் ஈஸ்வரி. புளியங்கொட்டையைத் தூவென்று துப்பிவிட்டு, "இருடி, நானும் வரேன். தீவாளிலேர்ந்து இருக்குது" என்றாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர்.

திரும்பி வந்தால் பாதி மெஷின் நிற்கிறது. வரதன் சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "ஏம்மா, ஒருத்தர் ஒருத்தரா போவக் கூடாதா?" என்று கேட்டார்.

"ஒருத்தியா போறதுதான் சார் கஷ்டம்" என்றேன். அப்புறம் என் ரிப்போர்ட்டைச் சொன்னேன். இப்படியே போனால் மெஷினில்தான் ரத்தத்தைக் கழுவ வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை ஷைனி, இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். பெண்கள் ஒரு சூப்பர்வைசரிடம் இதை எப்படிச் சொல்வது? கேட்டு முடித்ததும் அவர் பலகையை ஆணியிலிருந்து கழற்றித் தன் மேசைக்கு அடியில் போட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

இப்போது லைனுக்கு ஒரு மாற்று ஆள் போட்டிருக்கிறார்கள். எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்வரிக்குக் கல் இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறாள். மற்றவர்கள் தப்பித்தார்கள். மணல் கொட்டகைக்குப் பின்னால் புதுக் கழிப்பறை கட்டப்போகிறார்களாம். செங்கல் இறங்கியிருக்கிறது. கூரை போடும்வரை நான் நம்ப மாட்டேன்.

ஆக, நீ வர வேண்டாம். நான் குடிக்கிறேன். கம்பெனியிலும் குடிக்கிறேன். மதருக்கும் தனியாக ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறேன், அவருக்கு இரண்டு மாதமாகப் பதில் பாக்கி.

உன்
அக்கா


திண்டுக்கல்,
8 ஜூன் 2025

என் தங்கமான அக்காவுக்கு,

சுகம், சந்தோஷம். பெட்டியை மேலே ஏற்றிவிட்டேன்.

உன் கடிதத்தை மதரின் அனுமதியோடு எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். உலைக்கூடத்தில் நீ நடந்த இடம் வந்ததும் நாகர்கோவில் பெண் என் கையிலிருந்து வாங்கி மீதியைப் படித்தாள். உனக்குக் கால் பின்னியது என்று எழுதினாய் பார், அங்கேதான் எனக்கு உன் மேல் மரியாதை இரண்டு மடங்காகியது. ஈஸ்வரி அக்கா துப்பியதற்கு இங்கே கைதட்டல். தோட்டத்தில் எனக்கு இப்போது ஒரு மண்பானை வைத்திருக்கிறார்கள், காலியாகாமல் வந்தால் மதர் ஒரு பார்வை பார்க்கிறார்.

அடுத்த பரிசோதனை எப்போது? முடிவு எதுவானாலும் அப்படியே எழுது. தாங்கிக்கொள்வேன்.

ஷைனி


கவரைப்பேட்டை,
10 ஆகஸ்ட் 2025

ஷைனிக்கு,

மாமா, ஜோசப், நான் மூவரும் நலம். இந்த முறை என் நலத்துக்கு ஆஸ்பத்திரிக் காகிதமே சாட்சி. நேற்று கிட்னி டெஸ்ட் ரிசல்ட் வந்தது. ஏறவில்லை. இறங்கவும் இல்லை. "போனது போனதுதாம்மா, அது திரும்பாது. இருக்கிறதக் காப்பாத்திக்கின, அதுவே பெருசு. இப்டியே போ" என்றார் டாக்டரம்மா. பொன்னேரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அழுதேன். மாமா ஒரு இளநீரும் ஒரு வாட்டர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்தார். இளநீரை அவர் குடித்தார், எனக்கு அது ஆகாதாம். பாதியோடு நான் ரொம்ப காலம் ஓட்டுவேன், பயப்படாதே.

கழிப்பறைக்குக் கூரை போட்டுவிட்டார்கள், ஆகவே நம்புகிறேன். திறந்த அன்று வரதன் சார் ரிப்பன் வெட்ட வேண்டும் என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். மனுஷன் வெட்கப்பட்டு ஓடியவர் டீ நேரம் வரை வரவில்லை.

நீ சபையில் வாக்குக் கொடுத்துச் சிஸ்டராகும் வார்த்தைப்பாட்டு நாளுக்கு மூவரும் வருகிறோம். ஈஸ்வரியும் வருவேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மணவாள நகரிலிருந்து பூமிகா என்று ஒரு சின்னப் பெண் எங்கள் லைனில் புதுசாகச் சேர்ந்தாள். காலையிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஈஸ்வரியின் பக்கத்தில் போய் மெதுவாக, "அக்கா, பாத்ரூம் போவணும்னா யாரக் கேக்கணும்?" என்று கேட்டாள்.

ஈஸ்வரி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரையும் கேக்க வேணாம். தண்ணி குடிச்சியா, மொதல்ல அத்த சொல்லு" என்றாள்.

உன் அக்கா
ஏஞ்சலின்